தூங்காத நோயாளி

தென்காசியிலிருந்து செங்கோட்டை வரைக்கும் டாக்டர் மாஜிதா மயக்க மருந்து கொடுக்காத ஆஸ்பத்திரி கிடையாது. குடலிறக்கம், பித்தப்பைக் கல், கர்ப்பப்பை, சிசேரியன் என்று கத்தி வைத்த இடத்திலெல்லாம் நோயாளியின் தலைமாட்டில் நின்றவள் அவள்தான். ஆனாலும் கடைத்தெருவில் அவளைப் பார்த்துக் கும்பிடுகிறவர்கள் ரொம்பக் குறைவு. கும்பிட வேண்டுமென்றால் ஆளை ஞாபகம் இருக்க வேண்டுமே. நோயாளி பயத்தில் வெலவெலத்துக் கிடக்கும்போது அவள் வருவாள். முகத்தில் பாதியை மாஸ்க் மறைத்திருக்கும். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நோயாளி தூங்கிவிடுவான். கண் விழிக்கும்போது எதிரே நிற்பது ஆபரேஷன் செய்த டாக்டராக இருக்கும். பலாப்பழமும் மாம்பழமும் அவர் வீட்டுக்குத்தான் போகும்.

இதில் மாஜிதாவுக்கு வருத்தம் இருந்ததா என்றால், ஆரம்பத்தில் இருந்தது. சர்ஜன் ஆக வேண்டும் என்றுதான் அவள் ஆசைப்பட்டாள். மதிப்பெண் அதற்கு ஒரு விரற்கடை குறைந்துபோய், மயக்கவியல்தான் கிடைத்தது. அப்போது வாப்பா சவுதியில், தம்மாமில் இருந்தார். செய்தியைக் கேட்டுவிட்டுப் போனில் "ஏட்டி, ஆளை மயக்குததுக்கா ஒன்னைய இவ்வளவு படிக்க வச்சேன்?" என்றார்.

ஆனால் படிப்பின் முதல் வருஷத்திலேயே அவள் மனசு மாறிவிட்டது. ஒரு கிழவரின் மூச்சைத் தன் மருந்தால் நிறுத்தி, ஆபரேஷன் முடியும்வரை தன் கையால் அவருக்கு மூச்சு கொடுத்து, கடைசியில் அந்த மூச்சை அவரிடமே பத்திரமாகத் திருப்பி ஒப்படைத்தாள். கிழவர் எழுந்து காப்பி கேட்டார். அன்றைக்கு ஹாஸ்டலுக்குத் திரும்பி வரும்போது மாஜிதாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. அதற்குப் பிறகு அவள் சர்ஜன் ஆகவில்லையே என்று ஒருநாளும் ஏங்கியதில்லை.

அவளுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. மருந்தை ஏற்றும்போது நோயாளியிடம் சமையல் கேட்பாள். "உங்க வீட்டுல சொதி எப்படி வைப்பீங்க, சொல்லுங்க பாப்போம்." பயந்து கிடக்கிற பெண்களும் இதைக் கேட்டதும் பேச ஆரம்பித்துவிடுவார்கள். தேங்காய்ப்பால் எடுத்து, பாசிப்பருப்பை வேகவைத்து, முருங்கைக்காயைப் போட்டு என்று சொல்லிக்கொண்டே போவார்கள். இஞ்சிக்கு வருவதற்குள் தூங்கிவிடுவார்கள். இப்படியாக அந்த வட்டாரத்துச் சமையல் முழுவதும் அவளுக்குப் பாதி பாதி தெரியும். அவள் வீட்டுக்காரர் இத்ரீஸ் மேலகரத்தில் பள்ளிக்கூட வாத்தியார். "எல்லாம் நல்லாத்தான் ஆரம்பிக்கே மாஜி, முடிவுதான் உப்புச்சப்பில்லாமப் போயிருது" என்பார் சாப்பிடும்போது.

மேலகரத்தில் டாக்டர் சிவனணைந்தபெருமாள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில்தான் மாஜிதா அதிகமாக வேலை பார்த்தாள். அவர் சர்ஜன். பெரிய பண்ணை வீட்டுப் பிள்ளை. வயலில் நின்று ஆளைக் கூப்பிடுகிற மாதிரி பேசுவார். அவர் சத்தத்துக்கு நோயாளி விழித்துக்கொள்வான் என்று மாஜிதா அவரை அடிக்கடி அடக்குவாள். இருபது வருஷமாக இப்படித்தான்.

அன்றைக்கு ஆடி மாசத்துச் சனிக்கிழமை. சாரல் விடாமல் பெய்தது. அருவியில் குளிக்க வரும் சீசன் கூட்டம் அதிகாலையிலேயே ரோட்டை அடைத்துவிட்டது. இரண்டு ஆபரேஷனுக்காக வந்த மாஜிதா குடையை மடக்கிக்கொண்டு படியேறும்போது, ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து ஒரு தடித்த ஆள் இன்னொருவரைத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு இறங்கினார். பின்னாலேயே ஒரு பெண் ஓடி வந்தாள்.

தூக்கி வந்தவர் பெயர் மகாராஜா. தோளில் கிடந்தவர் அவர் தங்கச்சி புருஷன் இசக்கிமணி. ஓடி வந்தவள் அந்தத் தங்கச்சி குருவம்மாள். மச்சான்மார் இருவருக்கும் ஐந்தருவியில் அடுத்தடுத்துப் பழக்கடை. மங்குஸ்தான், ரம்புட்டான், முட்டைப்பழம். பழத்துக்குக் காவலாக இசக்கிமணி கடையிலேயே சாக்கை விரித்துப் படுத்திருந்தார். விடியும்போது வயிற்றுவலி, வாந்தி.

"நேத்து பரோட்டா தின்னான், அதான் ஒத்துக்கிடல" என்றார் மகாராஜா. "ஒரு ஊசியைப் போட்டு விடுங்க, சரியாயிரும்."

கட்டிலில் படுக்கவைத்ததும் மாஜிதா இசக்கிமணியின் முகத்தைப் பார்த்தாள். இரண்டு இமையும் பாதி இறங்கியிருந்தன. தூக்கக் கலக்கம் மாதிரி இருந்தது. ஆனால் அவர் புருவத்தை நெற்றிவரை ஏற்றி, அந்த இமைகளைத் தூக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். வாயோரம் எச்சில் வழிந்தது. விழுங்க முடியவில்லை.

"அண்ணாச்சி, தலையைத் தூக்குங்க."

தலையணையிலிருந்து தலை எழும்பவில்லை.

"ஒரே மூச்சுல ஒண்ணு ரெண்டு சொல்லுங்க."

இசக்கிமணி குழறிக்கொண்டே எட்டு வரை சொன்னார். கொஞ்சம் பொறுத்து மறுபடி சொல்லச் சொன்னபோது நாலோடு நின்றது.

மாஜிதா நிமிர்ந்து, அதற்குள் வந்து நின்ற சர்ஜனைப் பார்த்தாள். "சார், இது பரோட்டா இல்ல. கட்டுவிரியன்."

சிவனணைந்தபெருமாள் காலையும் கையையும் புரட்டிப் பார்த்தார். "கடிவாய் ஒண்ணும் காணலையே."

"அதுக்குக் கொசு மாதிரி பல்லு. தூக்கத்துல கடிச்சா கடிச்சதே தெரியாது. வீங்காது, வலிக்காது. மூச்சைத்தான் நிறுத்தும். இன்னும் கொஞ்ச நேரத்துல நிறுத்திரும்."

இருபது வருஷப் பழக்கத்தில் சர்ஜனுக்கு ஒன்று தெரியும்: மூச்சு விஷயத்தில் மாஜிதா சொன்னால் சொன்னதுதான். அடுத்த கேள்வி கேட்காமல் நர்ஸ் முத்துச்செல்வியிடம் விஷமுறிவு மருந்தை எடுக்கச் சொன்னார். இருந்தது போதாது என்று, மேலும் வாங்கிவரத் தன் காரை அனுப்பினார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம் என்றால், சீசன் நெரிசலில் அந்தத் தூரத்தை இசக்கிமணியின் மூச்சு தாங்காது. இங்கேயே ஒரு பழைய வென்டிலேட்டர் இருந்தது. வைத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

தொண்டைக்குள் டியூப் போடுவதற்கு முன்னால் மாஜிதா குனிந்து அவர் காதருகே பேசினாள்.

"அண்ணாச்சி, நான் மாஜிதா. மயக்க டாக்டர். உங்களைப் பாம்பு கடிச்சிருக்கு. இப்ப கண்ணு மூடிரும். கை கால் ஒண்ணும் அசையாது. ஆனா உங்களுக்கு எல்லாம் கேக்கும். பயப்படாதீங்க. மூச்சை மெசின் பாத்துக்கிடும், மெசினை நான் பாத்துக்கிடுதேன். விஷம் எறங்கினதும் எல்லாம் திரும்பி வந்துரும்."

நோயாளியிடம் அவள் தன் பெயரைச் சொல்லி எத்தனையோ காலமாயிற்று. எப்படியும் மறக்கப்போகிறார்கள் என்று சொல்வதையே விட்டிருந்தாள். அன்றைக்கு ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

மத்தியானத்துக்குள் இசக்கிமணி கட்டை மாதிரி ஆகிவிட்டார். இமைகூடத் துடிக்கவில்லை. குப்பி குப்பியாக விஷமுறிவு மருந்து ஏறியும் ஒரு மாற்றமும் இல்லை. சிவனணைந்தபெருமாள் வந்து இமையை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். கருவிழி விரிந்தபடியே நின்றது. வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை. அவர் முகம் இறங்கிவிட்டது. மாஜிதாவைக் கட்டிலின் மறுபக்கம் கூப்பிட்டு, தன்னால் முடிந்த அளவு மெதுவாக, அதாவது வராண்டா வரைக்கும் கேட்கிற மாதிரி, "எனக்கென்னமோ ஆள் போயிட்டான்னு தோணுதும்மா" என்றார்.

"இல்ல சார். கருவிழியைச் சுருக்குததும் தசைதான். கையைப் படுக்கப் போட்ட விஷம் அதையும் போட்டிருக்கு."

"நிச்சயமாச் சொல்லுதியா?"

இப்படி ஒருவரைப் பற்றி மாஜிதா படித்திருக்கிறாளே தவிர, நேரில் பார்த்ததில்லை. "கூட இருக்கேன் சார். இன்னைக்கு வீட்டுக்குப் போகல" என்று மட்டும் சொன்னாள்.

ஆனால் 'போயிட்டான்' என்ற வார்த்தை வராண்டாவைத் தாண்டி வாசலுக்கு வந்துவிட்டது. உறவுக்காரர்கள் கூடிவிட்டார்கள். ஒரு சித்தப்பா பண்பொழியில் உள்ள சாவுக்கொட்டுக்காரனுக்கே போன் பண்ணி, நாளைக்கு வேறு எதுவும் ஒத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டார். குருவம்மாள் அழுதுகொண்டே கட்டில் பக்கத்தில் நின்றாள். மகாராஜா அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

இந்த மச்சான்மார் இருவரும் மூன்று சீசனாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். காரணம் தார்ப்பாய். இசக்கிமணியின் தார்ப்பாயில் விழுகிற மழைத்தண்ணீர் மகாராஜாவின் ரம்புட்டான் கூடையில் வடிந்தது. அதில் வந்த சண்டையில் நடுவே ஒரு தட்டி எழும்பியது.

"ஏட்டி குருவு, அழாத. நான் இல்லையா ஒனக்கு?" என்றார் மகாராஜா. "நடுவுல உள்ள தட்டியைப் பிரிச்சு எறிஞ்சிட்டு ரெண்டு கடையையும் ஒண்ணாப் போட்டிருவோம். நல்ல அகலமான கடையாயிரும். பிள்ளையள நான் பாத்துக்கிடுதேன்."

குருவம்மாள் சட்டென்று அழுகையை நிறுத்தினாள். "டாக்டரம்மா, இங்கன பாருங்க. எங்க அண்ணன் பேசும்போதெல்லாம் இந்தப் பெட்டி வேகமாக் கத்துது."

மாஜிதா மானிட்டரைப் பார்த்தாள். நாடித்துடிப்பு எண்பதிலிருந்து நூறைத் தாண்டி ஏறியிருந்தது.

"அண்ணாச்சி, அந்தத் தட்டி விஷயத்தை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள் மகாராஜாவிடம்.

"எதுக்கு?"

"சும்மா சொல்லுங்க."

மகாராஜா குழம்பிப்போய்த் திரும்பச் சொன்னார். தட்டியைப் பிரிக்கிற இடம் வந்ததும் பெட்டி மறுபடியும் அலறியது. முத்துச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குருவம்மாள் புருஷன் காதுப்பக்கம் குனிந்து, "ஒங்க தட்டியை யாரும் தொட மாட்டாவ. நான் இருக்கேன்லா?" என்றாள். சத்தம் மெல்ல மெல்ல இறங்கியது. மகாராஜா கட்டிலைவிட்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றார். அதற்கப்புறம் அந்த அறைக்குள் வந்த எல்லாரும் நீதிமன்றத்துக்குள் வந்தவர்கள் மாதிரி வார்த்தையை அளந்து பேசினார்கள். சித்தப்பா வெளியே போய்க் கொட்டுக்காரனுக்கு மறுபடி போன் போட்டார்.

மாஜிதா அங்கேயே இருந்தாள். இடையிடையே அவர் கொஞ்சம் உறங்கட்டும் என்று மருந்து கொடுத்தாள். மற்ற நேரமெல்லாம் பேசினாள். மணி என்ன, வெளியே மழையா வெயிலா, எந்த மருந்து ஏறுகிறது, இப்போது ஊசி குத்தப் போகிறேன், இப்போது சளியை எடுக்கப் போகிறேன், கொஞ்சம் எரிச்சலாக இருக்கும் என்று ஒவ்வொன்றையும் சொன்னாள். அதுவும் தீர்ந்தபோது தனக்குத் தெரிந்த சமையலைச் சொன்னாள். இத்தனை வருஷமும் அவள் கேட்க, மற்றவர்கள் சொன்னார்கள். இப்போது பதில் சொல்ல முடியாத ஒருவரிடம் அவளே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் காற்று பலமாக வீசி, ரோட்டோரத்து மரம் ஒன்று மின்கம்பியில் விழுந்தது. கரண்ட் போய், வந்து, மறுபடி போயிற்று. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியபோது விளக்கு எரிந்தது; வென்டிலேட்டர் மட்டும் ஒரு முனகலோடு நின்றுவிட்டது. உள்ளே இருந்த சர்க்யூட் பலகை புகைந்திருந்தது.

மாஜிதா தயாராக வைத்திருந்த ரப்பர்ப் பையை டியூப்பில் மாட்டி, கையால் அமுக்க ஆரம்பித்தாள். அமுக்கினால் நெஞ்சு ஏறும், விட்டால் இறங்கும். நர்சுகள் அதை ஆம்பு என்பார்கள். சிவனணைந்தபெருமாள் திருநெல்வேலிக்குப் போன் போட்டு வேறு வென்டிலேட்டர் கேட்டார். உடனே அனுப்புகிறோம் என்றார்கள். ஆனால் வழியெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கூட்டம். வண்டி வர மாலையாகிவிடும்.

அதுவரை கை ஓயாமல் அமுக்க வேண்டும். மாஜிதா, முத்துச்செல்வி, சர்ஜன் என்று மாறி மாறி அமுக்கியும் விரல் மரத்துப்போயிற்று. வாசலில் நின்ற மகாராஜா எட்டிப் பார்த்தார்.

"அம்மா, நான் அமுக்கட்டுமா? பழக்கூடை தூக்குத கை."

மாஜிதா அவரை உட்கார வைத்தாள். "இறுக்கிப் பிழிஞ்சிராதீங்க. நீங்க மூச்சு இழுக்கும்போது அமுக்குங்க, விடும்போது விடுங்க. உங்க மூச்சையே அவருக்கும் குடுக்கதா நெனச்சுக்கிடுங்க."

மகாராஜா கண்ணை மூடி இழுத்தார், அமுக்கினார். இசக்கிமணியின் நெஞ்சு ஏறியது. மாஜிதா பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் சரிபார்த்தாள். அச்சாகப் பிடித்துக்கொண்டார். அமுக்கிக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

"ஏலே மாப்பிள, கேக்குதுன்னு டாக்டரம்மா சொல்லுதாவ. கேட்டாக் கேட்டுக்கோ. ஒன் கடைத் தட்டி எனக்கு எதுக்குலே? காலைல ஒன் கடையில சத்தத்தைக் காணோமேன்னு எட்டிப் பாத்தேன் பாரு, அப்பவே எனக்கு ஈரக்கொலை அத்துப்போச்சு. மூணு வருசமாப் பேசாம இருந்தேனே தவிர, தெனமும் ஒன் சத்தத்தைக் கேட்டுத்தான் கடையைத் தொறந்தேன். தார்ப்பாய்த் தண்ணி இனி என் தலையில வேணாலும் விழட்டும். நீ எந்திரிச்சு வந்துரு."

பெட்டி இந்தத் தடவை அலறவில்லை. ஒரே சீராக ஓடியது. மகாராஜாவின் கன்னத்தில் கண்ணீர் வடிந்தது. கை வேலையாக இருந்ததால் துடைக்க முடியவில்லை. குருவம்மாள் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். அவருக்குக் கை வலித்தபோது ஐந்தருவிக் கடைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். சிப்ஸ் கடைக்காரர், மசாஜ் எண்ணெய் பூசுகிறவர், பஜ்ஜி போடுகிறவர். எல்லாருக்கும் மகாராஜாவே பாடம் எடுத்தார். மாஜிதா திருத்த வேண்டிய தேவை வரவில்லை. வண்டி வந்து புது மெசினை மாட்டியபோது பள்ளிவாசலில் சாயங்காலப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அதற்கு மறுநாள் காலையில் மாஜிதா வழக்கம்போல் கட்டிலருகே வந்து, "அண்ணாச்சி, விடிஞ்சிட்டு. மழை விட்டிருக்கு. அருவியில நல்லாத் தண்ணி விழுதாம்" என்றாள். இசக்கிமணியின் இடது புருவம் லேசாக நெளிந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"அண்ணாச்சி, நான் சொல்லுதது கேட்டா, புருவத்தைத் தூக்குங்க."

புருவம் ஏறியது. மயிரிழை அளவுதான். ஆனாலும் ஏறியது.

முத்துச்செல்வி வராண்டாவில் ஓடிய ஓட்டத்தில் மருந்துத் தட்டு கவிழ்ந்தது. கையில் பாதி மாட்டிய உறையோடு சிவனணைந்தபெருமாள் வந்தார். டார்ச் அடித்தார். கருவிழி மெல்லச் சுருங்கியது. அந்தப் பெரிய மனுஷர் மாஜிதாவின் முன்னால் கை இரண்டையும் கூப்பினார். "சார், உறையை ஒழுங்கா மாட்டுங்க" என்றாள் மாஜிதா.

புருவத்துக்குப் பிறகு விரல், விரலுக்குப் பிறகு கழுத்து என்று ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. இன்னும் இரண்டு நாள் பொறுத்து டியூப்பை எடுத்தாள். சுற்றிலும் எல்லாரும் நின்றார்கள். இசக்கிமணி இருமினார். தண்ணீரில் நனைத்த பஞ்சால் உதட்டை ஒற்றினார்கள். அவர் தலையைத் திருப்பி மகாராஜாவைத் தேடிப் பிடித்தார்.

"தட்டியில கையை வச்சே," என்றார் கரகரத்த குரலில், "ஒடிச்சிருவேன்."

மகாராஜா சிரித்தாரா அழுதாரா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இரண்டும் ஒன்றாகத்தான் வந்தது.

அன்று மாலையிலிருந்து இசக்கிமணி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கணக்குத் தீர்க்க ஆரம்பித்தார். கொட்டுக்காரனுக்குப் போன் போட்ட சித்தப்பாவிடம், "நல்ல செட்டுதான் சொல்லிவிட்டீரு சித்தப்பா, அதுக்குச் சந்தோசம்" என்றார். முத்துச்செல்வி தனியாக இருக்கும்போது பாடிய பாட்டின் இரண்டாவது வரியில் ராகம் இடிக்கிறது என்றார். ரவுண்ட்ஸ் வந்த சர்ஜனைப் பார்த்து, "சார், ஆள் போயிட்டான்னு சொன்னீங்களே, இப்ப எப்படித் தோணுது?" என்று கேட்டார். சிவனணைந்தபெருமாளுக்கு முகம் சிவந்து, பிறகு அவருக்கே உரிய சத்தத்தில் சிரித்ததில் பக்கத்து அறையில் பச்சைப்பிள்ளை ஒன்று விழித்து அழுதது.

மாஜிதா அப்போது அங்கே இல்லை. செங்கோட்டையில் ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது விசிட்டர் நேரம் முடிந்து இசக்கிமணி தனியாக உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். டியூப்பை எடுத்தபோது அவள் மாஸ்க்கோடு, தலைக்குப் பின்னால் நின்றிருந்தாள். ஒரு வார்த்தையும் பேசவில்லை. கொண்டுவந்த அன்றைக்கு இமை இறங்கிக் கண் சரியாகத் தெரியவில்லை; கண் திறந்த பிறகு மாஸ்க் இல்லாத அவள் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. சேலையில், கைப்பையோடு வந்து நின்ற பெண்ணைப் பார்த்து, வேறு யாரோ என்று நினைத்தார்.

"கஞ்சி எறங்குதா அண்ணாச்சி?"

கிண்ணம் பாதி வழியில் நின்றது. "இன்னொரு தடவை பேசுங்க."

"என்ன பேச?"

"அந்தச் சத்தந்தான்." இசக்கிமணி கிண்ணத்தைக் கீழே வைத்தார். "மாஜிதா டாக்டர்."

மாஜிதா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இவ்வளவு கால வேலையில் அவள் தலைமாட்டில் நின்ற ஒரு நோயாளி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. அவருடைய கேஸ் அட்டையை எடுத்துத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள்.

"ஒரே இருட்டு பாத்துக்கிடுங்க," என்றார் இசக்கிமணி. "கண்ணைத் தொறக்க முடியல. கையைக் காணோம், காலைக் காணோம். எங்க வீட்டுக்காரி ஒப்பாரி வைக்கா. சரி, நாம செத்துட்டோம், இப்படித்தான் இருக்கும்போலன்னு நெனச்சேன். அப்பதான் நீங்க வந்து, மணி ரெண்டு, வெளிய சாரல் அடிக்கிதுன்னு சொன்னீங்க. செத்தவனுக்கு யாரு மணி சொல்லுவா? அப்ப உசுரோடதான் இருக்கோம்னு அதை வச்சுத்தான் பிடிச்சுக்கிட்டேன். அடுத்து எப்ப வந்து பேசுவீங்கன்னு காத்துக்கிட்டே கெடந்தேன்."

மாஜிதா தலையை ஆட்டினாள்.

"ஆனா ஒண்ணு சொல்லணும். நீங்க சொன்ன சமையல் ஒண்ணுக்காவது முடிவு உண்டா? கறித் தக்கடியில மாவைப் பிசைஞ்சு உருட்டிட்டு, சொதிக்குப் போயிட்டீங்க. சொதியில முருங்கைக்காயைப் போட்டுட்டு, கூட்டாஞ்சோத்துக்குப் போயிட்டீங்க. பட்டினியாக் கெடக்கவன்கிட்ட இப்படியா சொல்லுதது? அந்த மாவு என்ன ஆச்சோன்னு ரெண்டு நாளா எனக்கு அதே கவலை."

மாஜிதாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அது சிரிப்பால் மட்டும் வந்ததில்லை என்று அவளுக்குத் தெரியும். எழுந்து வராண்டாவுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

இசக்கிமணி நடந்தே வீட்டுக்குப் போனார். சீசன் முடியும்வரை ஐந்தருவிக்கு வந்த கூட்டத்துக்கு மங்குஸ்தானோடு இந்தக் கதையும் சேர்ந்தே விற்பனையாயிற்று. சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. மூச்சில்லாமல் கிடந்த நாள் ஒவ்வொரு வாரமும் கூடியது; கட்டுவிரியன் கைத்தடி கனத்துக்கு வந்துவிட்டது. மகாராஜா தன் பங்குக்கு, பையை அமுக்கிய கையைத் தூக்கிக் காட்டுவார். தட்டி அப்படியேதான் நின்றது. தார்ப்பாய்த் தண்ணீர் மட்டும் இப்போது இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு தகரத்தில் இறங்கி ஓடையில் விழுந்தது. அதன் சரிவு சரியில்லை என்று இருவரும் தினமும் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டார்கள். சண்டை போடவாவது பேசுகிறார்களே என்று குருவம்மாளுக்கு நிம்மதி.

ஆபரேஷனுக்கு வருகிறவர்கள், "மயக்கத்துக்கு அந்த மாஜிதாம்மா வருவாவளா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். சிவனணைந்தபெருமாளுக்கு இதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். "இனி நான் தூங்கப்போடுதேன், நீ அறுத்துக்கோம்மா" என்றார். வாப்பாவுக்கு இப்போது வயதாகி, தென்காசி வீட்டில்தான் இருக்கிறார். பள்ளிவாசலில் யாரோ இந்தக் கதையைச் சொல்லக் கேட்டுவிட்டு வந்தவர், "மயக்குதது மட்டுமில்லயா ஒன் வேலை?" என்று கேட்டார். "மயக்குதது சுலபம் வாப்பா, எழுப்புததுதான் வேலை" என்றாள். அவர் அதை மனசுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்ட மாதிரி இருந்தது. மறுநாள் பள்ளிவாசலில் தானே கண்டுபிடித்தது போல் அதைச் சொன்னாராம்.

அடுத்த சீசன் தொடங்குவதற்கு முன்னால் மாஜிதா ஐந்தருவிக்குப் போய்க் கடைக்காரர்களைக் கூட்டி வைத்துப் பேசினாள். யாரும் தரையில் படுக்கக் கூடாது, கட்டிலும் கொசுவலையும் வேண்டும் என்றாள். விடியும்போது வயிறு வலித்து, இமை இறங்கினால் கடிவாயைத் தேடிக்கொண்டு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும் என்றாள். உதாரணத்துக்கு இசக்கிமணியே பெஞ்சில் படுத்து, இமையை எப்படித் தூக்க முடியாமல் தவித்தார் என்று நடித்துக் காட்டினார். அவர் நடிப்பைப் பார்த்துவிட்டு டூரிஸ்ட் ஒருவர் நிஜமாகவே ஆம்புலன்சுக்குப் போன் போட்டுவிட்டார்.

அதன் பலன் உடனே தெரிந்தது. முதல் மாதத்தில் ஐந்தருவியிலிருந்து மூன்று பேரை அவசரமாகத் தூக்கி வந்தார்கள். ஒருவருக்குக் கண்வலி. ஒருவருக்கு முந்தின நாள் போட்ட சரக்கு இன்னும் இறங்கவில்லை. மூன்றாவது ஆள் உண்மையாகவே தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினால் எரிந்து விழுவார் என்று எழுப்பாமலே தூக்கி ஆட்டோவில் போட்டிருக்கிறார்கள். சிவனணைந்தபெருமாள் கத்தினார். மாஜிதா மூன்று பேரையும் ஒழுங்காகச் சோதித்து, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாள். "அடுத்த தடவையும் கொண்டு வாங்க" என்றாள் தூக்கி வந்தவர்களிடம். "நூறு தடவை சும்மா வந்தாலும் பரவால்ல."

நூறு தடவை வேண்டியிருக்கவில்லை. ஐப்பசி மழையில் ஒருநாள் காலை, ஆனந்தவள்ளி என்று ஒரு பெண் தானே ஆட்டோ பிடித்து வந்து இறங்கினாள். ஐந்தருவிக்குப் பூக்கட்டிக் கொண்டுவந்து விற்கிறவள். "வயிறு வலிக்கி. கண்ணு செருகுது. பழக்கடை அண்ணாச்சி நடிச்சுக் காட்டுனது மாதிரியே இருக்கு" என்றாள். இமை அப்போதுதான் இறங்கத் தொடங்கியிருந்தது. தலையை இன்னும் தூக்க முடிந்தது. மாஜிதா உடனே மருந்தை ஏற்றி, வென்டிலேட்டரைப் பக்கத்தில் நிறுத்தி, அவளோடு பேசிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மூச்சு குறையவில்லை. மெசினுக்கு வேலை வரவில்லை.

மறுநாள் காலையில் ஆனந்தவள்ளி சாய்ந்து உட்கார்ந்து ஆஸ்பத்திரி இட்லியைத் தின்றுகொண்டிருந்தாள். எப்படி இருக்கிறது என்று மாஜிதா கேட்டாள்.

"கண்ணு நல்லாத் தெரியுது டாக்டரம்மா. ஆனா இந்தச் சாம்பாருக்கு உப்புப் போட யாரு மறந்தா?"

மாஜிதா ஒரு விள்ளல் இட்லியை எடுத்துச் சாம்பாரில் தொட்டு வாயில் போட்டுப் பார்த்தாள். உப்பு இல்லைதான். கேன்டீன்காரரிடம் அதைச் சொல்வதற்காக அவளே எழுந்து போனாள்.